காதுல ரீங்காரம், காதுல சீழ்: எண்ணெய் எந்தக் காதுக்கு?

காதுக்குள்ள ஏதோ சத்தம் கேட்டுட்டே இருக்குன்னு யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க, அடுத்த நிமிஷமே ஒரு எண்ணெய் பேரு வந்து விழும். காது வலின்னாலும் எண்ணெய்தான், காதுல இருந்து தண்ணியா வடியுதுன்னாலும் எண்ணெய்தான், ராத்திரி குழந்தை காதைப் பிடிச்சுக்கிட்டு அழுதாலும் எண்ணெய்தான். ஏன்னு கேட்டா "ஆயுர்வேதத்துலயே இருக்கு"ன்னு ஒரே பதில். எனக்கு இடது காதுல பல வருஷமா ரீங்காரம் இருக்கு, அதனால இந்த மாதிரி யோசனைங்க எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாவே வரும். சரி, அப்படி என்னதான் இருக்குன்னு சுஸ்ருத சம்ஹிதை, அஷ்டாங்க ஹிருதயம்னு ரெண்டு பழைய ஆயுர்வேத நூல்லயும் காது பத்தின பகுதியை மொழிபெயர்ப்பு வெச்சுக்கிட்டுப் படிச்சேன். நான் டாக்டரும் இல்ல வைத்தியரும் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா அந்தப் பழைய ஆளுங்க இப்போ யூடியூப்ல பேசறவங்களை விட எவ்வளவோ ஜாக்கிரதையா இருந்திருக்காங்க, அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சுஸ்ருதர் காது நோய்னு 28 கணக்கு சொல்றார். வலி தனி, இரைச்சல் தனி, செவிடு தனி, வடியறது தனி, நமைச்சல் தனி, குரும்பி அடைக்கறது தனி, புழு விழறது தனி, உள்ள பழுத்துப் போறது தனி, நாத்தத்தோட சீழ் வர்றது தனி. இதுல நம்ம ரீங்காரத்துக்கே ரெண்டு பேரு இருக்கு, பின்னாடி வந்த மாதவ நிதானம்ங்கற ஆயுர்வேத நூல் அதை இப்படி விளக்குது. கர்ணநாதம்னா பேரிகை, மிருதங்கம், சங்கு மாதிரி பல விதமா சத்தம் கேக்கறது, அது காதோட பாதையில வாயு போய் உக்காந்துக்கிட்டதால வருதுன்னு சொல்றாங்க. கர்ணக்ஷ்வேடம்னா புல்லாங்குழல் ஊதற மாதிரி ஒரே இழுப்பா கேக்கறது, அதுல வாயுவோட பித்தமும் மத்ததும் சேர்ந்துக்கும். ராத்திரி லைட் அணைச்சதும் ஒரே சுருதியில "ஈஈஈ"ன்னு எனக்குக் கேக்கறது ரெண்டாவது வகைதான், அதைப் படிச்சப்போ சிரிப்பு வந்துச்சு, நல்ல வேளை பேரிகை இல்லன்னு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அஷ்டாங்க ஹிருதயத்துல காது நோய் ஏன் வருதுன்னு ஆரம்பிக்கற ஸ்லோகம். நாலு காரணம் சொல்லுது: ஜலதோஷம், தண்ணியில விளையாடறது, காதைக் குடையறது, சத்தத்தைத் தப்பான முறையில கேக்கறது. அப்புறம் வாயுவைக் கிளப்பற மத்த காரணங்கள்னு முடிச்சுடுது. இன்னைக்கு ஒரு ஈஎன்டி டாக்டர் கிட்ட போனா அவரும் கேக்கற கேள்வி கிட்டத்தட்ட இதேதான். மூக்குக்குப் பின்னாடி இருந்து நடுக்காதுக்கு ஒரு குழாய் போகுது, யூஸ்டேஷியன் குழாய்னு பேரு, சளி பிடிச்சா அது வீங்கி அடைச்சுக்கும், உள்ள நீர் தேங்கும், அதுல கிருமி வளர்ந்தா நடுக்காது இன்ஃபெக்‌ஷன். குழந்தைங்களுக்கு அந்தக் குழாய் குட்டையாவும் படுத்த வாக்குலயும் இருக்கறதால அடிக்கடி வருது. தண்ணியில ஆடறவங்களுக்கு வெளிக்காது ஊறிப் போய் அங்க இன்ஃபெக்‌ஷன் வரும், நீச்சல்காரங்க காதுன்னே டாக்டருங்க சொல்வாங்க. குடையறதைப் பத்திச் சொல்லவே வேண்டாம், அன்னைக்குக் குச்சி இன்னைக்கு பட்ஸ், தோல் உரிஞ்சு கிருமி உள்ள போறதும் குரும்பி இன்னும் ஆழமாப் போய் அடைச்சுக்கறதும் அதாலதான். சத்தம் பத்திக் கேக்கவே வேணாம், ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டுத் தூங்கற காலம் இது. உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம்தான்னு சொல்லுது, அதுக்கு மேல ஒவ்வொரு மூணு டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதிப் பாதியா குறைஞ்சுட்டே போகும். காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாக்க ஒரு கருவிகூட இல்லாத காலத்துல இந்த நாலையும் ஒரே வரியில பிடிச்சிருக்காங்க, எனக்கு அது பெரிய விஷயமாத்தான் படுது.

ஆனா காரணத்தைச் சரியாப் பிடிச்சதால மருந்தும் சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட முடியாது. அங்கதான் நான் கொஞ்சம் நிதானிக்கறேன்.

ரீங்காரத்துக்கு சுஸ்ருதர் சொல்ற வைத்தியம் எதுன்னா, காது வலி, கர்ணநாதம், செவிடு, க்ஷ்வேடம் நாலுக்கும் பொதுவா ஒரே வழி. நாலும் வாயுவால வர்றதுன்னு எடுத்துக்கிட்டு, வாயுன்னா வறட்சி, வறட்சிக்கு எதிர் எண்ணெய்ப் பசை, அதனால உள்ளுக்கு நெய், வெளிய ஒத்தடம், காதுல கர்ணபூரணம். வெதுவெதுப்பா எண்ணெயை காது நிறைய விட்டு, ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு, காதோட அடிப்பக்கத்தை மெதுவா தேய்ச்சு விடறது. எவ்வளவு நேரம்னு அஷ்டாங்க ஹிருதயம் சொல்லுது: வலி இருந்தா வலி இளகற வரைக்கும், வலி இல்லன்னா நூறு மாத்திரை. ஒரு மாத்திரைன்னா வலது கையை முழங்காலைச் சுத்தி ஒரு வட்டம் போடற நேரம், கண்ணை மூடித் திறக்கற நேரம்னும் வெச்சுக்கலாம். அப்போ மொத்தமே சில நிமிஷம்தான். ராத்திரி முழுக்க எண்ணெய் விட்டுப் பஞ்சு அடைச்சுக்கிட்டுத் தூங்குன்னு சொல்றாங்களே, அது இந்த ஸ்லோகத்துல இல்ல.

எண்ணெய்லயும் விதவிதமா இருக்கு. வில்வக்காயை கோமூத்திரத்துல அரைச்சு, பாலும் தண்ணியும் சேர்த்துக் காய்ச்சற வில்வ தைலம் செவிட்டுக்கு. நாயுருவியை எரிச்ச சாம்பல்ல இருந்து காரம், அதாவது அரிக்கற மாதிரி உப்பு, எடுத்து நல்லெண்ணெய்ல காய்ச்சறது அபாமார்க்க க்ஷார தைலம், அது இரைச்சலுக்கும் செவிட்டுக்கும். மூக்குல விடற நஸ்யத்துக்கு அணு தைலம், க்ஷீரபலா இப்படி. சரக சம்ஹிதைங்கற இன்னொரு பழைய நூலோட சரகர் ஒரு படி மேல போய், தினமும் காதுக்கு எண்ணெய் விட்டா வாயுவால வர்ற காது நோய் வராது, கழுத்து தாடை பிடிச்சுக்காது, காது மந்தமோ செவிடோ வராதுன்னு சொல்றார்.

இதுல எது நடக்கும் எது நடக்காதுன்னு உடம்போட அமைப்பை வெச்சே யோசிக்கலாம். வெளிக்காது ஓட்டை சுமார் ரெண்டரை செண்டிமீட்டர் நீளம், அதோட கடைசியில செவிப்பறை, அது கிழியாம இருந்தா எண்ணெய் அங்கயே நின்னுடும். ரீங்காரம் பெரும்பாலும் பிறக்கறது அதுக்கும் ரொம்ப உள்ள. உள்காதுல காக்ளியான்னு ஒரு உறுப்பு, அதுல சத்தத்தை உணர்ற, மயிரிழை மாதிரி நுனி இருக்கற செல்லுங்க சத்தத்தாலயோ வயசாலயோ மருந்தாலயோ செத்துப் போகுது, அந்த அலைவரிசையில மூளைக்கு வர வேண்டிய சிக்னல் குறையுது, மூளை என்ன பண்ணுதுன்னா ஸ்டேஷன் சரியா கிடைக்காத ரேடியோவுல நாம வால்யூமை ஏத்தற மாதிரி தன்னோட வால்யூமை ஏத்திக்குது, அப்போ கேக்கற இரைச்சல்தான் இது. செத்த செல்லு மனுஷங்களுக்குத் திரும்ப முளைக்காது. காதுல விட்ட எண்ணெய் அங்க போய்ச் சேர வழியே இல்ல.

அப்புறம் எப்படி சில பேருக்கு எண்ணெய் விட்டதும் சத்தம் நின்னுச்சுன்னு சொல்றாங்கன்னா, அவங்க பொய் சொல்லலை. குரும்பி இறுகி செவிப்பறையில முட்டிட்டு இருந்தாலும் ரீங்காரம் வரும், எண்ணெய் அதை ஊற வெச்சு இளக்கிடும், குரும்பி வெளிய வந்ததும் சத்தமும் போயிடும். டாக்டருங்களே ஆலிவ் எண்ணெய் சொட்டு விடச் சொல்றது உண்டு. வெளிக்காது தோல் வறண்டு அரிக்கறவங்களுக்கும் சுகமா இருக்கும். இதைத் தாண்டி தாடை மூட்டுல பிரச்சினை இருந்தா, கழுத்துத் தசை இறுகி இருந்தாகூட ரீங்காரம் ஏறி இறங்கும், தாடையை முன்னாடி தள்ளிப் பாருங்க, சத்தம் மாறினா உங்களுக்கும் அப்படி இருக்கலாம், அந்த மாதிரி ஆளுங்களுக்கு காதைச் சுத்தியும் கழுத்துலயும் எண்ணெய் தேய்ச்சு ஒத்தடம் கொடுக்கறது உதவினா எனக்கு ஆச்சரியம் இல்ல. சரகர் கழுத்தையும் தாடையையும் காதோட சேர்த்துச் சொன்னது எனக்கு இங்கதான் ஞாபகம் வந்துச்சு.

இதெல்லாம் காயற காது. ஒழுகற காது விஷயமே வேற, இதைத்தான் யாரும் கவனிக்கறதே இல்ல. காது வடியறது, நாத்தச் சீழ், புழு, இந்த மூணுக்கும் சுஸ்ருதர் தனியா ஒரு வைத்திய முறை வெச்சிருக்கார்: தலையில சேர்ந்த சளியை மூக்கு வழியா இறக்கறது, குங்கிலியம் குக்குலு மாதிரி பொருள்ல புகை காட்டறது, துடைக்கறது, கஷாயத்தால கழுவறது, மருந்து நிரப்பறது. இந்தப் பட்டியலை முடிக்கறப்போ ஒரு வார்த்தை போடறார், "வீக்ஷ்ய வீக்ஷ்ய"ன்னு. பாத்துப் பாத்துச் செய்யுங்கறார். அதாவது இன்னைக்கு எப்படி இருக்குன்னு பாத்து அதுக்கேத்த மாதிரி. நான் நேர்மையாச் சொல்லணும்னா, ஒழுகற காதுக்கும் அந்த நூல்ல எண்ணெய் வரத்தான் செய்யுது, ஆனா தனியா வராது, துவர்ப்பு மருந்து, தேன், சுத்தம் பண்றது, உலர வைக்கறதுன்னு ஒரு கூட்டத்தோட வரும். நம்ம ஆளுங்க அந்தக் கூட்டத்தை எல்லாம் விட்டுட்டு எண்ணெயை மட்டும் எடுத்துக்கிட்டாங்க.

இன்னைக்கு ஓட்டோஸ்கோப்னு ஒரு சின்னக் கருவி இருக்கு, அதுல எட்டிப் பாத்தா செவிப்பறை முழுசா இருக்கா ஓட்டை விழுந்திருக்கான்னு தெரிஞ்சுடும். ஓட்டை இருக்கற காதுல எதை ஊத்தினாலும் நேரா நடுக்காதுக்குப் போகும், அங்க இருந்து உள்காது எட்டற தூரம்தான். சாம்பல் காரம் போட்டுக் காய்ச்சின தைலத்தை அங்க விடறதை நினைச்சாலே எனக்கு பயமா இருக்கு. சீழ் ரெண்டு வாரத்துக்கு மேல வடிஞ்சுட்டே இருந்தா, அதுக்குப் பின்னாடி பெரும்பாலும் ஓட்டை இருக்குன்னே வெச்சுக்கணும், அந்தக் காதை உலர்வா வெச்சுக்கறதும் ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தும்தான் முதல் வேலை, அதையும் டாக்டர் பாத்துதான் கொடுக்கணும், ஏன்னா சில சொட்டு மருந்தே ஓட்டை விழுந்த காதுக்கு ஆகாது. இன்னொண்ணு பூஞ்சை. காது பயங்கரமா அரிக்குது, கருப்பாவோ வெள்ளையாவோ பஞ்சு மாதிரி ஏதோ தெரியுதுன்னா அது ஆஸ்பெர்ஜில்லஸ் மாதிரி பூஞ்சையா இருக்கலாம், ஈரமும் பிசுபிசுப்பும் அதுக்கு ரொம்பப் பிடிக்கும், அரிக்குதேன்னு திரும்பத் திரும்ப எண்ணெய் விட்டா அரிப்பு கூடத்தான் செய்யும். சுகர் இருக்கறவங்களுக்கு காது வலி ராத்திரியில தாங்க முடியாம இருந்தா வீட்டு வைத்தியம் ஒரு நாள்கூட வேண்டாம், அவங்களுக்கு வெளிக்காது இன்ஃபெக்‌ஷன் எலும்பு வரைக்கும் போகற ஆபத்து இருக்கு. காதுக்குப் பின்னாடி எலும்பு வீங்கி சிவந்து காது முன்னாடி தள்ளிக்கிட்டு நின்னாலும் நேரா ஆஸ்பத்திரிதான்.

பூண்டு எண்ணெய் பத்தி ஒரு வார்த்தை. பூண்டுல கிருமியைக் கொல்ற சக்தி இருக்கறது உண்மை, அல்லிசின்னு ஒரு பொருள், நசுக்கினாத்தான் உண்டாகும், சூடு பண்ணினா சிதைஞ்சு போயிடும். நாம என்ன பண்றோம்? எண்ணெய்ல போட்டு நல்லா பொரிய விட்டு எடுக்கறோம். மிஞ்சறது சூடான எண்ணெய் மட்டும்தான், அந்த இதமான சூட்டுல வலி கொஞ்சம் அடங்கும், நடுக்காது வலியில நிறைய தானாவே ரெண்டு மூணு நாள்ல குறையற வலிதான், பேரு பூண்டுக்குப் போயிடுது. சூடு பதமா இல்லன்னா ரெண்டு பக்கமும் ஆபத்து, அதிகமானா தோலும் செவிப்பறையும் வெந்துடும், உடம்புச் சூட்டை விட குறைஞ்சு ஜில்லுனு இருந்தா தலை சுத்தும், உள்காதுல இருக்கற நீர் அந்த வெப்ப வித்தியாசத்துக்கே அசையும். பச்சைப் பூண்டை அப்படியே காதுல சொருகறவங்களும் இருக்காங்க, அது தோலைப் புண்ணாக்கும், வேண்டாம். காதுல மெழுகுக் குழாய் சொருகிக் கொளுத்தறது வேற ஒரு கூத்து, அதுக்கும் ஆயுர்வேதப் புகைக்கும் சம்பந்தமே இல்ல, அமெரிக்காவுல மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவே அது வேண்டாம்னு எச்சரிச்சிருக்கு.

மாத்திரைகள் பக்கம் வந்தா சாரிவாதி வட்டி, இந்து வட்டி ரெண்டு பேரும் அடிக்கடி அடிபடும். சாரிவாதியில நன்னாரி, அதிமதுரம், சீந்தில், திரிபலா எல்லாம் இருக்கு, கூடவே அப்ரக பஸ்மம், லோக பஸ்மம், அதாவது அப்ரகத்தையும் இரும்பையும் புடம் போட்டு எடுத்த பொடி. இந்து வட்டியில தங்க பஸ்மமும் உண்டு. மூலிகை மருந்துதானேன்னு நினைச்சு ஆன்லைன்ல வாங்கிப் போடறவங்க இதைத் தெரிஞ்சுக்கணும், இது உலோகம் சேர்ந்த மருந்து. 2008ல இன்டர்நெட்ல விக்கற 193 ஆயுர்வேத மருந்தை வாங்கிச் சோதிச்சு ஒரு அமெரிக்க மருத்துவ இதழ்ல போட்டாங்க, அஞ்சுல ஒண்ணுல ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்துச்சு. ஈயம் உடம்புல சேர்ந்தா காது கேக்கறதே குறையும்னு தெரிஞ்ச விஷயம், ரீங்காரத்துக்கு மருந்துன்னு அதையே சாப்பிட்டா எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. முறையாப் படிச்ச வைத்தியர் கொடுத்து, எவ்வளவு நாள்னு அவரே கணக்கு வெச்சு நிறுத்தச் சொன்னா அது வேற. இங்கிலீஷ் மருந்துக் கடைப் பக்கமும் ஒண்ணும் பெருமைப்பட இல்ல, ஜிங்கோ, துத்தநாகம், மெலடோனின்னு ரீங்காரத்துக்கு விக்கறதை எல்லாம் பரிந்துரைக்காதீங்கன்னு 2014லயே அமெரிக்க ஈஎன்டி டாக்டர்கள் வழிகாட்டுதல்ல எழுதிட்டாங்க. நஸ்யமும் விருப்பத்துக்குத் தினமும் விட்டுக்கறது இல்ல, மூக்குல விடற எண்ணெய் மாசக்கணக்குல நுரையீரலுக்கு இறங்கினா ஒரு வகை நிமோனியா வரும்.

ஒரு காது திடீர்னு, ஒரே நாள்லயோ ரெண்டு மூணு நாள்லயோ, கேக்காம போய் கூடவே இரைச்சலும் வந்தா தயவு செஞ்சு எந்த எண்ணெயும் தேடாதீங்க. அது நரம்பு சம்பந்தப்பட்டதா இருந்தா ஸ்டீராய்டு சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் பலன், முதல் ரெண்டு வாரம் தாண்டினா வாய்ப்பு குறைஞ்சுட்டே போகும். அதே மாதிரி நாடித் துடிப்போட சேர்ந்து "தும் தும்"னு கேட்டாலோ, ஒரே ஒரு காதுல மட்டும் கேட்டாலோ, ஒரு தடவை சோதிச்சுடணும். எனக்கு ஒரு பக்கம்ங்கறதால ஆடியோகிராம், ஸ்கேன் எல்லாம் எடுத்தாச்சு, பயப்பட ஒண்ணும் இல்ல, மேல் ஸ்தாயியில மட்டும் கேக்கறது குறைஞ்சிருக்கு.

அப்போ ஆயுர்வேதத்துல எனக்கு எதுவுமே உதவலையான்னு கேட்டா, உதவுது, ஆனா காதுக்குள்ள விடற எதுவும் இல்ல. சுஸ்ருதர் எல்லா காது நோய்க்கும் பொதுவான பத்தியம்னு சிலது சொல்றார்: நெய் சாப்பிடணும், ரசாயனம்னு சொல்ற, உடம்பைத் தேத்தற மருந்து எடுத்துக்கணும், உடம்பை வருத்தக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது, பிரம்மச்சரியம், அதிகமா பேசக் கூடாது. கடைசியில சொன்னதை என் வீட்ல ரொம்ப வரவேற்றாங்க. க்ஷ்வேடம் யாருக்கு வரும்னு சொல்ற இடத்துலயும் அலைச்சல்ல களைச்சவன், உடம்பு தேஞ்சவன், வறண்ட சாப்பாடு சாப்பிடறவன்னுதான் வருது. என் அனுபவத்துல அது நூத்துக்கு நூறு சரி, தூக்கம் கெட்ட மறுநாள் சத்தம் ரெண்டு மடங்கு, வேலை டென்ஷன் ஏறினா மூணு மடங்கு. அதனால நான் பண்றது ராத்திரி உச்சந்தலைக்கும் உள்ளங்காலுக்கும் காது மடலுக்கும் வெளிய மட்டும் கொஞ்சம் நல்லெண்ணெய், தினமும் தேய்க்கறதுல தலை காது கால் மூணையும் விடாதன்னு அஷ்டாங்க ஹிருதயமும் சொல்லுது. அதுக்கப்புறம் ஃபேன் சத்தம் அளவுக்கு மழைச் சத்தம் ஒண்ணு மெல்லிசா ஓடும். சத்தம் போகலை, ஆனா அதைக் கவனிக்காம தூங்க முடியுது. கேக்கறது குறைஞ்சவங்களுக்கு ஹியரிங் எய்டும், ரொம்ப அவஸ்தைப்படறவங்களுக்கு சிபிடின்னு சொல்ற மனநல சிகிச்சையும் இதை விட நல்லா வேலை செய்யும், ரெண்டுக்கும் வெக்கப்பட ஒண்ணும் இல்ல. செவிட்டைப் பத்தி பின்னாடி வந்த ஆயுர்வேத நூல்கள்ல குழந்தைக்கும் வயசானவங்களுக்கும் வந்ததை, நாள்பட்டதை, குணமாகாதுன்னு விட்டுடச் சொல்லியிருக்கு. பழைய வைத்தியருங்களுக்கு அதைச் சொல்ற தைரியம் இருந்திருக்கு, ஏழே நாள்ல சரியாகும்னு வீடியோ போடறவங்களுக்குத்தான் இல்ல.

ஆயுர்வேத வைத்தியர்கிட்ட போகணும்னு இருந்தா தாராளமா போங்க, எனக்கு அதுல எந்த ஆட்சேபணையும் இல்ல. அவர் காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாக்கறாரா, செவிப்பறை முழுசா இருக்குன்னு ரிப்போர்ட் கேக்கறாரா, சுகர் இருக்கான்னு விசாரிக்கறாரான்னு மட்டும் கவனிங்க. இது எதுவும் இல்லாம உக்காந்ததும் பாட்டிலைத் திறந்தார்னா, செருப்பைப் போட்டுக்கிட்டு கிளம்பிடுங்க.